பிறந்து மூன்று நாள் வரை மலம் போகவில்லை, இப்போது ஹிர்ஷ்ப்ரங் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். முதல் பிள்ளை, பையன். நிறைமாதம், சுகப்பிரசவம், எடையும் 2.9 கிலோ. பிறந்ததும் போக வேண்டிய கறுப்பு மலம் இரண்டு நாள் ஆகியும் போகவில்லை. மூன்றாம் நாள் ஆசனவாயில் மருந்து வைத்தார்கள், போனது, சரி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். மாமியார் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பார், உடனே காற்றோடு பீய்ச்சி அடித்துக்கொண்டு வரும், வயிறு இறங்கும், மறுநாள் மறுபடி தவில் மாதிரி ஆகிவிடும். வயிற்றுத் தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்து, பச்சை நரம்பெல்லாம் தெரியும். அப்புறம் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தான். ஒரு நாள் ராத்திரி பச்சையாக வாந்தி எடுத்ததும் பயந்துபோய் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இப்போது அட்மிட் ஆகியிருக்கிறோம். மூக்கில் டியூப், கையில் ட்ரிப்ஸ். பின்பக்கமாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஹிர்ஷ்ப்ரங் என்ற நோய் மாதிரி இருக்கிறது, சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இது மாந்தம்தான், இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சதை எடுக்க விடாதே என்கிறார்கள். என் தாய்மாமா, ஆறு மாதம் போனால் குடல் தானாகப் பழகிக்கொள்ளும் என்கிறார். மருந்தில் சரியாகுமா? ஆபரேஷன் கட்டாயமா? இதே நோய் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிலாவின்_அம்மா:

தங்கச்சி, முதலில் ஒன்று. சதை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுங்கள், இன்றைக்கே. நீங்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க என் மகளுக்கு நடந்ததைத்தான் யாரோ எழுதியிருக்கிற மாதிரி இருந்தது.

இது மருந்தில் சரியாகாது. காத்திருந்தாலும் சரியாகாது. ஆறு மாதத்தில் பழகிக்கொள்ள அங்கே பழகுவதற்கு நரம்பே இல்லை. குடலை அசைத்து மலத்தைக் கீழே தள்ளுகிற நரம்புச் செல்கள் மலக்குடலின் கடைசிப் பகுதியில் பிறவியிலேயே உருவாகாமல் போய்விட்டன. அந்தத் துண்டு எப்போதும் இறுகியே கிடக்கும், விரிந்து கொடுக்காது. மேலே இருக்கிற நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்கிப் போகும். வெற்றிலைக் காம்பு வைத்ததும் பீய்ச்சி அடித்ததே, அது காம்பின் மகிமை இல்லை, அடைபட்டிருந்த காற்றும் மலமும் வழி கிடைத்து வெளியே வருவதுதான். எங்களுக்கு டாக்டர் கையுறை போட்டு ஒரு விரலை வைத்து எடுத்தார், அவருடைய சட்டை வரை தெறித்தது. அவர் முகம் சுளிக்கவே இல்லை, எங்களைத் திரும்பிப் பார்த்து "இதற்குத்தான் பயந்தேன்" என்றார்.

நிலாவுக்குக் கண்டுபிடிக்கத் தாமதம் ஆனது. இந்த நோய் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வரும், நாலு பையனுக்கு ஒரு பெண் என்ற கணக்கில். அதனாலோ என்னவோ, பெண் பிள்ளை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை, சில நாள் போகாமல் இருக்கலாம் என்றே ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, பிறந்து சில வாரம் ஆன பிறகு, நாலைந்து நாள் மலம் போகாமல் இருப்பது உண்டுதான். ஆனால் அந்தக் குழந்தையின் வயிறு மெத்தென்று இருக்கும், பால் குடிக்கும், சிரிக்கும், எடை ஏறும். வயிறு கல்லாகி, பால் மறுத்து, பச்சையாக வாந்தி எடுக்கிற குழந்தையை அதே கணக்கில் சேர்க்கக் கூடாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வார்டு_சிஸ்டர்:

குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன், ரொம்ப வருஷமாக. நிலாவின் அம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

நிறைமாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் முதல் 24 மணி நேரத்துக்குள் கறுப்பு மலம் போய்விடுவார்கள். 48 மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும், மருந்து வைத்துப் போக வைத்துவிட்டு அனுப்புவது போதாது. (ஆனால் 24 மணி நேரத்துக்குள் போய்விட்டதாலேயே இந்த நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது, அப்படி வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம்.) சுமார் 5000 குழந்தைக்கு ஒன்று என்ற அளவில் இது வருகிறது, நினைப்பது போல அபூர்வம் இல்லை.

கருவில் 5 முதல் 12 வாரத்துக்குள் இந்த நரம்புச் செல்கள் மேலிருந்து கீழாக, உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை நகர்ந்து வரும். பாதியில் நின்றுவிட்டால் அதற்குக் கீழே உள்ள குடல் முழுக்க நரம்பு இல்லாமல் போகும். அதனால்தான் பாதிப்பு எப்போதும் ஆசனவாயிலிருந்து ஆரம்பித்து மேலே போகிறது. 100 குழந்தைகளில் 80 பேருக்கு மலக்குடலும் அதை ஒட்டிய வளைவுப் பகுதியும் மட்டும்தான் பாதிக்கப்பட்டிருக்கும். சிலருக்குப் பெருங்குடல் முழுக்கவே இருக்காது, அது வேறு மாதிரியான போராட்டம்.

பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது பற்றி: உங்கள் பையன் வயதில் பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. ஒரு மெல்லிய கருவியை உள்ளே விட்டு, உறிஞ்சி, அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு துணுக்கு எடுப்பார்கள். எடுக்கிற இடம் வலி தெரிகிற கோட்டுக்கு மேலே, அதனால் குழந்தைக்குக் குத்துகிற வலி இருக்காது. காலைப் பிடித்துக்கொள்வதற்குத்தான் அழுவான். துணுக்கில் நரம்புச் செல் இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், கால்ரெட்டினின் என்ற புரதத்தைக் காட்டுகிற சாயம் போட்டும் பார்ப்பார்கள். சில நேரம் துணுக்கு ஆழம் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்பார்கள், அப்போது கோபப்படாதீர்கள், சந்தேகத்தோடு ஆபரேஷனுக்குப் போவதை விட அது நல்லது. பிறந்த குழந்தைக்கு எக்ஸ்ரேயில் சில சமயம் சரியாகத் தெரியாது, பயாப்ஸிதான் கடைசி வார்த்தை.

மருதம்_77:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. என் பையனுக்கும் ஒன்றரை வயதிலிருந்து பயங்கர மலச்சிக்கல். வாரத்துக்கு ஒரு தடவை போவான், ஜட்டியில் கசிந்துகொண்டே இருக்கும், காலைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பான். உலர் திராட்சை ஊற வைத்த தண்ணீர், கொய்யாப்பழம், டாக்டர் கொடுத்த சிரப், எல்லாம் சேர்ந்து ஐந்து வயதுக்குள் சரியாகிவிட்டது. அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வார்டு_சிஸ்டர்:

அண்ணா, உங்கள் பையனுக்கு இருந்தது வேறு. மலச்சிக்கலோடு வருகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மை உங்கள் பையன் மாதிரிதான், அவர்களுக்குக் கத்தி தேவையே இல்லை. ஆனால் பாருங்கள், அவனுக்கு ஒன்றரை வயதில்தான் ஆரம்பித்தது. ஒரு தடவை வலித்தது, அதற்குப் பயந்து அடக்கினான், அடக்க அடக்கக் கட்டியானது. ஜட்டியில் கசிந்தது என்கிறீர்கள், அது அடக்கி வைக்கிற பிள்ளையின் அடையாளம். ஹிர்ஷ்ப்ரங் பிள்ளைக்குக் கீழ்ப்பகுதி இறுகியிருப்பதால் சாதாரணமாகக் கசியாது. விரல் வைத்துப் பார்த்தால் உங்கள் பையனுக்கு மலக்குடல் நிறையக் கட்டியாக மலம் இருந்திருக்கும், இவர்களுக்கு அங்கே காலியாக இருக்கும், எல்லாம் மேலே தேங்கியிருக்கும். பொன்னிக்கரையின் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்தே தொல்லை, பச்சை வாந்தி வேறு. உலர் திராட்சைத் தண்ணீர் இங்கே செல்லாது.

பச்சை வாந்தி என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைத் தேடி வருகிற மற்ற அப்பா அம்மாவுக்காக. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஹிர்ஷ்ப்ரங் இல்லாமல் குடல் முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். பிறவியில் குடல் சரியாகச் சுழன்று அமராத பிள்ளைகளுக்கு அது நடக்கும், சில மணி நேரத்தில் குடல் முழுக்க ரத்த ஓட்டம் நின்று கறுத்துவிடும். அது மணிக்கணக்கு, நாள்கணக்கு இல்லை.

மருதம்_77:

புரிகிறது சிஸ்டர். ஒரு சந்தேகம். என் அண்ணன் பெண்ணுக்கு ஏழு வயது, சின்னதிலிருந்தே எனிமா கொடுத்தால்தான் போகிறாள், வயிறு மட்டும் பெரிசு, கை கால் குச்சியாக இருக்கும். இந்த வயதிலும் ஹிர்ஷ்ப்ரங் இருக்க முடியுமா?

வார்டு_சிஸ்டர்:

முடியும். பாதிக்கப்பட்ட துண்டு ரொம்பக் குட்டையாக இருந்தால் எனிமாவிலேயே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள், பத்து வயதுக்கு மேலும் வந்திருக்கிறார்கள். பிறந்தபோது எப்போது மலம் போனது என்று அவள் அம்மாவிடம் கேளுங்கள். எடை ஏறவில்லை, வயிறு மட்டும் வீங்கியிருக்கிறது என்றால் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். அந்த வயதில் பயாப்ஸியை மயக்கம் கொடுத்து, கொஞ்சம் ஆழமாக எடுப்பார்கள்.

பழைய_நோயாளி:

வழக்கமாக இந்தப் பக்கம் படிப்பதோடு சரி. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கும் இதே நோய், எண்பதுகளின் தொடக்கத்தில் பிறந்தவன். வயிற்றில் இடப்பக்கம் ஒரு பழைய தழும்பு, நடுவில் ஒரு நீளத் தழும்பு. அந்தக் காலத்தில் மூன்று ஆபரேஷன். முதலில் வயிற்றில் மலம் போக வழி, பிறகு கெட்ட குடலை எடுத்து நல்ல குடலைக் கீழே இறக்குவது, கடைசியில் வயிற்று வழியை மூடுவது. டுஹாமெல் முறை என்று என் பழைய ஃபைலில் இருக்கிறது, பிரான்சில் 1956-இல் வந்த முறை.

பெரியவனான பிறகு இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கோபன்ஹேகனில் குழந்தைகள் டாக்டராக இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் 1886-இல் பெர்லினில் ஒரு கூட்டத்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார், இரண்டுமே இறந்துபோன குழந்தைகள். பிரேதப் பரிசோதனையில் பெருங்குடல் பிரமாண்டமாக வீங்கியிருந்தது. அதனால் அடுத்த ஐம்பது அறுபது வருஷம் டாக்டர்கள் வீங்கிய குடல்தான் நோய் என்று நினைத்து அதையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் இருந்ததோ அதற்குக் கீழே, பார்க்க நல்லதாகத் தெரிந்த ஒடுங்கிய பகுதியில். பாஸ்டனில் ஓர்வார் ஸ்வென்சன் என்ற சர்ஜன், வயிற்றில் வழி போட்ட பிள்ளைகள் நன்றாகத் தேறுவதையும், அதை மூடினால் மறுபடி அதே தொல்லை வருவதையும் கவனித்தார். அப்படியென்றால் கோளாறு கீழேதான் என்று புரிந்து, 1948-இல் அந்த ஒடுங்கிய துண்டை எடுத்துவிட்டு நல்ல குடலை ஆசனவாய் வரை இழுத்துத் தைத்தார். இன்று உங்கள் பையனுக்குச் செய்யப்போவதும் அடிப்படையில் அதுதான். இந்த ஒரு விஷயம் புரிய இவ்வளவு காலம் ஆனதே, அதற்குள் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

எனக்கு வேலை இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் இந்த நோய் இல்லை. பள்ளிக்கூட நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தன, வகுப்பிலேயே ஆகிவிட்ட நாட்கள் உண்டு, மறைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் உடம்பே சொல்லிக்கொடுத்தது. இப்போது விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன், அவ்வளவுதான்.

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பயாப்ஸி எடுத்து ரிசல்ட் வந்துவிட்டது. நரம்புச் செல் இல்லை, ஹிர்ஷ்ப்ரங்தான். மலக்குடல் பக்கம் மட்டும், குட்டைத் துண்டு என்று நினைக்கிறார்கள். இப்போது தினமும் சலைன் (உப்புநீர்) விட்டுக் கழுவுகிறார்கள், வயிறு அமுங்கிவிட்டது, பால் நன்றாகக் குடிக்கிறான். வீட்டிலேயே கழுவ எனக்குக் கற்றுக்கொடுத்து, எடை கொஞ்சம் ஏறியதும் வரச் சொல்லி ஒரே ஆபரேஷனாகச் செய்யலாம் என்கிறார்கள். வயிற்றில் தழும்பே இல்லாமல் கீழ் வழியாகவே செய்வார்களாம். அது நம்பக்கூடியதா? பக்கத்துப் படுக்கையில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஒரு பக்கம் பேச்சு, கிரகணத்தன்று நான் வெளியே வந்தேன் என்று இன்னொரு பக்கம். அடுத்த பிள்ளைக்கும் வருமா?

நிலாவின்_அம்மா:

கிரகணம் பேசுகிறவர்களை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். நீங்கள் சாப்பிட்டது, நடந்தது, வெளியே வந்தது, எதுவும் காரணம் இல்லை. வயிற்றில் பிள்ளை இருப்பதே உறுதியாகி இரண்டொரு மாதத்தில் நடந்து முடிந்துபோகிற விஷயத்துக்கு, பிரசவம் முடிந்து உடம்பு தேறாத பெண்ணைப் பிடித்துக் குற்றம் சொல்வது எவ்வளவு பெரிய பாவம். உங்கள் வீட்டுக்காரரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சு நிற்கும்.

வார்டு_சிஸ்டர்:

மரபணுவுக்குப் பங்கு உண்டு, ரெட் என்ற ஜீனில் வருகிற மாற்றம்தான் முக்கியமானது, 1994-இல் கண்டுபிடித்தது. ஆனால் ஒரே ஜீன், ஒரே கணக்கு என்று நேராக இறங்குகிற நோய் இல்லை. சொந்தத்தில் கட்டாத வீடுகளிலும் எங்கள் வார்டில் நிறையப் பிள்ளைகள். பொதுவாக அடுத்த பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு 100-க்கு 4 என்ற அளவில் சொல்வார்கள், பாதிக்கப்பட்ட துண்டு நீளமாக இருந்தால் கூடும். சொந்தத்தில் திருமணம் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, முடிந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். அடுத்த பிரசவத்தின்போது குழந்தை டாக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள், முதல் மலம் போகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள்.

கீழ் வழியாகச் செய்வது நம்பக்கூடியதுதான். 1998-இல் மெக்சிகோவில் இரண்டு சர்ஜன்கள் எழுதிய முறை, இப்போது குட்டைத் துண்டுக்கு உலகம் முழுக்க இதுதான் அதிகம். உள்ளே போகும்போதே ஒரு துணுக்கு எடுத்து, டேபிளில் குழந்தை இருக்கும்போதே லேபில் பார்த்து, நரம்புச் செல் இருக்கிற இடம் எது என்று உறுதி செய்துகொண்டுதான் தைப்பார்கள். அந்த வசதி இருக்கிற மருத்துவமனையா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்வி அது. சிலருக்கு வயிற்றில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பும் சேர்த்துச் செய்வார்கள்.

மலம் சேர வயிற்றில் பை வைப்பது எப்போது என்றால், துண்டு நீளமாக இருந்தால், குடல் ரொம்ப வீங்கிக் கிடந்தால், கழுவியும் வயிறு இறங்காவிட்டால், அல்லது கடுமையான தொற்றோடு வந்தால். பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்று இருக்கும். பை வைத்தார்கள் என்றால் மோசமான டாக்டர் என்று அர்த்தம் இல்லை.

யாழ்ப்பாணத்தான்:

வணக்கம். எங்கட மகளுக்குப் பெருங்குடல் முழுக்க நரம்பு இல்லை. பிறந்த கிழமையே அம்புலன்சில் கொழும்பு லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், சிறுகுடலின் நுனியில் பை போட்டார்கள். ஒரு வயது தாண்டித்தான் பெரிய ஒப்பரேஷன். அந்தப் பையோடு அவள் தவழ்ந்தாள், நடந்தாள், பிறந்தநாள் கொண்டாடினாள். பையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சிறுகுடல் பை என்றால் தண்ணீரும் உப்பும் நிறையப் போகும், வெயில் நாளில் பிள்ளை வாடிவிடும், ஓஆர்எஸ் எப்போதும் கையில் இருக்க வேண்டும். தோலில் படாமல் பையின் ஓட்டையைச் சரியான அளவில் வெட்டுவதுதான் பாதி வேலை. ஒரு சின்ன அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு அதை வைத்து வெட்டினால் மனைவிக்கும் எனக்கும் சண்டை வராது.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். சில மாதம் நன்றாக இருந்தாள். ஒரு நாள் காய்ச்சல், வயிறு வீக்கம், வயிற்றோட்டம், சகிக்க முடியாத நாற்றம். பக்கத்து டிஸ்பென்சரியில் சாதாரண வயிற்றோட்டம் என்று மருந்து தந்தார்கள். இரவுக்குள் பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. குடல் அழற்சி. ஐந்து மணித்தியாலம் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார், அதை இங்கே எழுத மனம் இல்லை.

வார்டு_சிஸ்டர்:

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். இந்த நோயில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் அந்தக் குடல் அழற்சியால்தான், ஆபரேஷனால் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பும் வரும், நல்லபடியாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வரும், முதல் இரண்டு வருஷம் ரொம்பக் கவனம். மலச்சிக்கல் நோய்தானே, பேதி போனால் நல்லதுதானே என்று நினைத்து ஏமாந்துவிடுகிறார்கள். பேதி போகிறது, ஆனால் வயிறு இறங்காமல் வீங்கிக்கொண்டே போகிறது என்றால் அதுதான் அபாயம்.

பொன்னிக்கரைக்கு வாஷ்அவுட், அதாவது சலைன் விட்டுக் கழுவுவது பற்றி. இது எனிமா இல்லை. எனிமாவில் உள்ளே விட்டுவிட்டு அதுவாக வரக் காத்திருப்போம். இவனுக்கு அதுவாக வராது, விட்டதெல்லாம் உள்ளேயே நின்று வயிறு இன்னும் வீங்கும். இதில் மெத்தென்ற டியூபை நன்றாக ஜெல் தடவி இறுகிய பகுதியைத் தாண்டிப் போகிற அளவு மெதுவாக உள்ளே விட்டு, சிரிஞ்சில் 10, 20 மில்லி சலைன் ஏற்றி, சிரிஞ்சைக் கழற்றி டியூபின் வாயைக் கீழே கிண்ணத்தில் சாய்த்து வெளியே வர விட வேண்டும். வயிற்றை மெதுவாகத் தடவிக் கொடுங்கள், காற்றும் மலமும் டியூப் வழியாகவே வரும். தெளிவாக வரும் வரை இதையே திரும்பத் திரும்ப. மொத்தம் எவ்வளவு என்பது எடையைப் பொறுத்தது, சாதாரணமாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தாண்டாதீர்கள். உள்ளே போன அளவும் வெளியே வந்த அளவும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சலைனை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். சாதாரணத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது, குடல் அந்தத் தண்ணீரை உறிஞ்சி ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வந்துவிடும். டியூப் தடுக்கினால் தள்ளாதீர்கள், பின்னால் இழுத்துக் கொஞ்சம் சலைன் விட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் சிஸ்டர் முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள், வீட்டுக்காரரும் செய்யட்டும். ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

திருப்பூர்_செல்வி:

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். என் மகன் ஆசனவாயே இல்லாமல் பிறந்தான். இதுவும் ஏறக்குறைய 5000-க்கு ஒன்றுதானாம். பிறந்ததும் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, மறுநாள் என் அம்மாதான் குளிப்பாட்டும்போது கண்டுபிடித்தாள். பிரசவ அறையில் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தால் தெரிகிற விஷயம். முதலில் வயிற்றில் பை, அப்புறம் பின்பக்கமாக வழி உண்டாக்குகிற ஆபரேஷன், பிறகு பையை மூடினார்கள். அதோடு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் ஸ்கேன் செய்து பார்த்தார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அதிலும் கோளாறு சேர்ந்து வரலாம் என்றார்கள். உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது பார்க்கச் சொன்னார்களா?

செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குக் கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் பதியலாம். ஆபரேஷன் தேதி வரும் வரை காத்திருக்காமல் இப்போதே செய்துவிடுங்கள். அட்டையில் பிள்ளை பெயர் சேர்ப்பது பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

செல்வி கேட்டது சரியான கேள்வி. ஹிர்ஷ்ப்ரங் உள்ள பிள்ளைகளில் ஒரு சிறு பங்கினருக்கு டவுன் சிண்ட்ரோமும் இருக்கும், சிலருக்கு இதயத்தில் ஓட்டை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மதுரை ராஜாஜி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்களில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. எங்கே போனாலும், இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற குழந்தைகள் சர்ஜனிடம் போங்கள், பெரியவர்களுக்குச் செய்கிறவரிடம் வேண்டாம்.

பொன்னிக்கரை:

எக்கோ எடுத்தாகிவிட்டது, இதயம் நன்றாக இருக்கிறது. வாஷ்அவுட் நானும் அவரும் கற்றுக்கொண்டோம். மாமியார்தான் சலைன் சூடு பார்க்கிறார், புறங்கையில் ஒரு சொட்டு விட்டு. வெற்றிலைக் காம்பு வைப்பதை அவரே நிறுத்திவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

நிலாவின்_அம்மா:

பின்பக்கத் தோல் வெந்துபோகும், அதற்குத்தான் முதலில் தயாராகுங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை போவான், தோல் சிவந்து உரிந்து, தண்ணீர் பட்டாலே அலறுவான். புண் ஆன பிறகு பூசுவதை விட முதல் நாளிலிருந்தே ஜிங்க் ஆக்சைடு களிம்பைக் கெட்டியாக, தோல் தெரியாத அளவுக்குப் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் களிம்பு முழுவதையும் தேய்த்து எடுக்காதீர்கள், மேலே இருக்கிற மலத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு அதன் மேலேயே பூசுங்கள். வாசனை வைப்ஸ் வேண்டாம், பழைய வேட்டித் துணியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். முடிந்த நேரமெல்லாம் டயப்பர் இல்லாமல் காற்றோட்டமாகக் குப்புறப் போடுங்கள். சில மாதத்தில் குறைந்துவிடும்.

அடுத்தது டைலேட்டர். தைத்த இடம் சுருங்காமல் இருக்க இரண்டு மூன்று வாரம் கழித்து, டாக்டர் பார்த்த பிறகு, வழுவழுப்பான உலோகக் குச்சி கொடுத்து தினமும் விட்டு எடுக்கச் சொல்லலாம், சில டாக்டர்கள் வாரத்துக்கு ஒரு தடவை அவர்களே செய்துவிடுவார்கள். எனக்கு வாஷ்அவுட்டை விட இதுதான் கஷ்டமாக இருந்தது, பிள்ளை அழும்போது நம் கை நடுங்கும். பால் கொடுத்து அவள் தூக்கத்தில் இருக்கும்போது செய்வேன். செய்யாமல் விட்டு, இடம் சுருங்கி, மறுபடி ஆபரேஷனுக்குப் போன குடும்பத்தை எங்கள் வார்டிலேயே பார்த்ததால் தைரியம் வந்தது.

நிலாவுக்கு இப்போதும் சில நாள் ஜட்டியில் படும். காலையும் ராத்திரியும் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் உட்கார வைக்கிறோம், காலுக்கு ஒரு முக்காலி. டீச்சரிடம் முன்பே பேசி, கேட்காமலே எழுந்து போக அனுமதி வாங்கியிருக்கிறோம், பையில் எப்போதும் ஒரு செட் துணி. திட்டியது இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும் என்றார் டாக்டர், பழைய நோயாளி அண்ணன் எழுதியதும் அதேதான்.

பழைய_நோயாளி:

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. ஆபரேஷனுக்குப் பிறகும் வயிறு வீங்கிக்கொண்டே இருந்தால், மலச்சிக்கல் தொடர்ந்தால், இது இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், நரம்பில்லாத துண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், கீழே இருக்கிற தசை தளராமல் இறுகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இறுகிய தசைக்கு இப்போது போட்டாக்ஸ் ஊசி போடுகிறார்கள், என் காலத்தில் அது இல்லை.

யாழ்ப்பாணத்தான்:

தங்கச்சி, ஒரு காகிதம் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டு வாசலில் மாட்டி வையுங்கள், இன்னொன்று பையில். பிள்ளையின் நோய் பெயர், ஒப்பரேஷன் பெயரும் தேதியும், சர்ஜனின் பெயரும் போனும், ஒத்துக்கொள்ளாத மருந்துகள். கீழே பெரிய எழுத்தில்: காய்ச்சல், வயிறு வீக்கம், நாற்றமான வயிற்றோட்டம், சோர்வு வந்தால் இது குடல் அழற்சியாக இருக்கலாம், பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்க வேண்டாம், உடனே சேலைன் ஏற்றி, குடல் கழுவி, ரத்தநாளம் வழியாக அன்ரிபயோற்றிக் தொடங்கி, சர்ஜனுக்கு அறிவிக்கவும். இரவில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் புதிதாக இருக்கிற டொக்டரிடம் நாம் அழுதுகொண்டு விளக்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். எங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு முறை வந்தபோது அரை மணித்தியாலத்தில் மருந்து ஏறியது.

பொன்னிக்கரை:

எழுதிக்கொண்டேன் அண்ணா. எங்கள் சர்ஜனிடம் காட்டி அவருடைய சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன். செல்வி அக்கா, காப்பீட்டு மையத்துக்கு அவர் திங்கட்கிழமை போகிறார், பிள்ளைக்கு ஆதார் இன்னும் எடுக்கவில்லை, பிறப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதுமா?

திருப்பூர்_செல்வி:

எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அப்பா அம்மா ஆதாரும் கேட்டார்கள். மருத்துவமனையிலேயே காப்பீட்டு கவுண்டர் இருக்கும், திங்கட்கிழமைக்கு முன்னால் அங்கே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஒரு அலைச்சல் மிச்சம்.